முழு எண் திசையன்களிலிருந்து பன்முகி வரை: கையால் எண்ணிக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் ஓரத்தில் (2, 0), (1, 1), (1, 3) என்று மூன்று திசையன்களை எழுதுங்கள். இந்த ஆறு எண்களும் சேர்ந்து ஓர் அறுகோணத்தை உருவாக்குகின்றன. அதற்கு எத்தனை உச்சிகள், அதன் பரப்பு எவ்வளவு, அதற்குள் எத்தனை முழு எண் புள்ளிகள் அடங்கும், அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எத்தனை அடங்கும் என்பதையெல்லாம் படம் வரைவதற்கு முன்பே சொல்லிவிட முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

மேல்நிலைப் பள்ளிக் கணிதம் இதற்குப் போதும். அணிக்கோவை, மீப்பெரு பொது வகுத்தி, இரண்டு திசையன்களின் புள்ளிப் பெருக்கல் ஆகிய மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு எண்ணையும் நீங்களே ஒரு முறை எண்ணிச் சரிபாருங்கள். இந்தத் துறையில் சூத்திரத்தைப் படிப்பதைவிடப் புள்ளிகளை விரலால் தொட்டு எண்ணுவதுதான் நன்றாக மனத்தில் நிற்கிறது.

படி 1: உருவத்தைக் கட்டுதல்

திசையன்களுக்கு அ = (2, 0), இ = (1, 1), உ = (1, 3) என்று பெயர் வைப்போம். ஒவ்வொரு திசையனையும் 0 முதல் 1 வரை எந்த அளவில் வேண்டுமானாலும் எடுத்து, மூன்றையும் கூட்டுங்கள். அப்படிக் கூட்டிப் பெறக்கூடிய எல்லாப் புள்ளிகளும் சேர்ந்ததுதான் நம் உருவம். வேறுவிதமாகச் சொன்னால், மூன்று கோட்டுத்துண்டுகளின் மின்கோவ்ஸ்கி கூட்டல். இப்படிப் பிறக்கும் குவிவு உருவங்களுக்கு ஜோனோடோப் என்று பெயர். பட்டை அல்லது கச்சை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. முப்பரிமாணத்தில் ஒரு திசையனுக்கு இணையான விளிம்புகளைக் கொண்ட முகங்கள் எல்லாம் உருவத்தைச் சுற்றி ஒரு பட்டைபோல ஓடும். ரஷ்யப் படிகவியலாளர் எவ்கிராஃப் ஃபெடரோவ் 1885-இல் படிகங்களின் வடிவங்களை ஆராய்ந்தபோது இந்த வகை உருவங்களை விரிவாகக் கையாண்டார்.

வரைவது எளிது. திசையன்களைச் சாய்வின்படி வரிசைப்படுத்துங்கள். இங்கே அ, இ, உ என்ற வரிசையே சரியான வரிசை. (0, 0)-இல் தொடங்கி அந்த வரிசையில் நடந்தால் (2, 0), (3, 1), (4, 4) வரும். பிறகு அதே வரிசையில் ஒவ்வொன்றையும் கழித்துக்கொண்டே வந்தால் (2, 4), (1, 3), மீண்டும் (0, 0). அறுகோணம் முடிந்தது.

இரண்டு விஷயங்களை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல தவறுகளைத் தவிர்க்கும். ஒரு திசையனுக்கு எதிர்க்குறி போட்டால் உருவம் மாறாது, இடம் மட்டுமே பெயரும். இரண்டு திசையன்கள் இணையாக இருந்தால் உச்சிகளை எண்ணும்போது அவற்றை ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத உச்சிகளை எண்ணிவிடுவோம்.

படி 2: உச்சிகளைக் கண்டறிதல்

மூன்று திசையன்களில் சிலவற்றைச் சேர்த்து, சிலவற்றை விட்டுக் கூட்டினால் 8 கூட்டல்கள் கிடைக்கும். அவற்றில் 6 மட்டுமே உச்சிகள். எவை என்று படம் இல்லாமல் எப்படிச் சொல்வது?

ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள். (−2, 1) என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திசையில் உருவத்தின் மிகத் தொலைவான புள்ளி எது? புள்ளிப் பெருக்கல் நேர்மமாக வரும் திசையன்களை முழுதாகச் சேர்க்க வேண்டும், எதிர்மமாக வருபவற்றை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அ-வுடன் பெருக்கினால் −4, இ-யுடன் −1, உ-வுடன் 1. ஆகவே உ மட்டும் சேரும். உச்சி (1, 3). திசையை (−1, 2) என்று மாற்றினால் −2, 1, 5 வரும்; உச்சி இ + உ = (2, 4).

பொதுவாக ஒரு பன்முகியில் ஒரு திசையில் மிகத் தொலைவான புள்ளியைக் காண நேரியல் திட்டமிடல் (நேரியல் சமனின்மைகளுக்கு உட்பட்டு உச்ச மதிப்பைத் தேடும் முறை) வேண்டும். ஜோனோடோப்பிலோ ஒவ்வொரு திசையனிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இந்த எளிமைதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

சரி, இ மட்டும் சேர்ந்த (1, 1) ஏன் உச்சியாகவில்லை? அது உச்சியாக வேண்டுமானால் அ, உ இரண்டுடனும் எதிர்மமாகவும் இ-யுடன் நேர்மமாகவும் பெருக்கல் தரும் ஒரு திசை வேண்டும். ஆனால் இ = ⅓ அ + ⅓ உ. கணக்கிட்டுப் பாருங்கள்: (⅔ + ⅓, 1) = (1, 1). மற்ற இரண்டும் எதிர்மம் என்றால் இதுவும் எதிர்மமாகத்தான் ஆகும். எனவே அப்படி ஒரு திசையே கிடையாது. அதே காரணத்தால் அ + உ = (3, 3) என்பதும் உள்ளே போய்விடுகிறது. திசையன்களுக்கு இடையே உள்ள இத்தகைய உறவுகள்தான் எது உச்சி, எது இல்லை என்று தீர்மானிக்கின்றன. நீளங்களுக்கு இதில் பங்கே இல்லை.

தளத்தில், ஒன்றுக்கொன்று இணையில்லாத திசையன்கள் எத்தனையோ, உச்சிகள் அதைப்போல் இரு மடங்கு.

படி 3: ஒவ்வொரு திசையனாகச் சேர்த்து வளர்த்தல்

இந்த வழிகாட்டியின் நெஞ்சு இந்தப் படிதான். அவசரமில்லாமல் படியுங்கள்.

(0, 0) என்ற ஒற்றைப் புள்ளியில் தொடங்குங்கள். அ-வைச் சேர்த்தால் அந்தப் புள்ளி ஒரு கோட்டுத்துண்டாக நீள்கிறது. புதிதாக வந்தது, தொடக்கப் புள்ளி நீங்கலான துண்டு. அதில் (1, 0), (2, 0) என்று 2 முழு எண் புள்ளிகள். இதுவரை 1 + 2 = 3.

இப்போது இ-யைச் சேருங்கள். கோட்டுத்துண்டு இ-யின் திசையில் நகர்ந்து ஓர் இணைகரமாகிறது. புதிதாக வந்தவை இரண்டு: தொடக்கப் புள்ளி நகர்ந்ததால் வந்த துண்டு, அ-வின் துண்டு நகர்ந்ததால் வந்த இணைகரம், அதன் கீழ்ப்பக்கமும் இடப்பக்கமும் நீங்கலாக. துண்டில் 1 புள்ளி; இணைகரத்தில் 2. மொத்தம் 6. அந்த ஆறும் (0, 0), (1, 0), (2, 0), (1, 1), (2, 1), (3, 1).

கடைசியாக உ. இணைகரம் (1, 3) திசையில் நகரும்போது அதன் எந்தப் பகுதி புதிய இடத்தைத் துடைத்துச் செல்கிறது? மேல்விளிம்பு மட்டுமே: (0, 0)-இலிருந்து (1, 1) வழியாக (3, 1) வரை உள்ள பாதை. அந்தப் பாதையில் ஒரு புள்ளி, இ-யின் துண்டு, அ-வின் துண்டு ஆகியவை இருக்கின்றன. அவை நகர்ந்து முறையே உ-வின் துண்டையும், இ-உ இணைகரத்தையும், அ-உ இணைகரத்தையும் தருகின்றன.

ஆக, நம் அறுகோணம், எந்தப் புள்ளியையும் பகிர்ந்துகொள்ளாத ஏழு துண்டங்களாகப் பிரிந்துவிட்டது: ஒரு புள்ளி, மூன்று கோட்டுத்துண்டுகள், மூன்று இணைகரங்கள். அ, இ, உ ஆகியவற்றிலிருந்து ஒருபடிச் சார்பற்ற (ஒன்றை மற்றவற்றின் மடங்குகளைக் கூட்டிப் பெற முடியாத) எந்தத் தொகுப்பை எடுத்தாலும் அதற்குச் சரியாக ஒரு துண்டம்! வெற்றுத் தொகுப்புக்குக்கூட ஒரு புள்ளி கிடைத்திருக்கிறது. திசையன்களைச் சேர்க்கும் வரிசையை மாற்றினால் துண்டங்கள் வேறு இடங்களில் அமரும். ஆனால் பட்டியல் மாறாது. எந்தப் பரிமாணத்திலும் இது நடக்கும். ஜெஃப்ரி ஷெப்பர்ட் 1974-இல் ஜோனோடோப்களை இவ்வாறு பிரித்துக் காட்டினார்.

பரப்பு இப்போது தானாக விழுகிறது. ஒவ்வொரு சோடிக்கும் அணிக்கோவையின் எண்மதிப்பை எடுங்கள்: அ, இ-க்கு 2, அ, உ-க்கு 6, இ, உ-க்கு 2. கூட்டினால் 10. அதுவே அறுகோணத்தின் பரப்பு.

படி 4: முழு எண் புள்ளிகளை எண்ணுதல்

பாதி விளிம்புகள் நீங்கலான ஓர் இணைகரத்தில் எத்தனை முழு எண் புள்ளிகள் இருக்கும்? சரியாக அதன் பரப்பளவு, அதாவது அணிக்கோவையின் எண்மதிப்பு. காரணம் அழகானது: அந்த இணைகரத்தின் நகல்களால் தளம் முழுவதையும் இடைவெளியோ மேற்பொருந்தலோ இல்லாமல் மூடலாம். நகல்கள் அனைத்தும் முழு எண் அளவில் நகர்ந்தவை, ஆகவே எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கைப் புள்ளிகள். தளத்தில் சராசரியாக ஓர் அலகுப் பரப்புக்கு ஒரு புள்ளி. ஆகவே எண்ணிக்கையும் பரப்பும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதேபோல, ஒரு முனை நீங்கலான கோட்டுத்துண்டில் இருக்கும் புள்ளிகள், அந்தத் திசையனின் ஆயங்களுக்கான மீப்பெரு பொது வகுத்தி.

நம் அறுகோணத்துக்கு: இணைகரங்களில் 2 + 6 + 2 = 10; துண்டுகளில் 2 + 1 + 1 = 4; தனிப்புள்ளி 1. மொத்தம் 15.

வரைபடத்தாளில் கிடைவரிசை வாரியாக எண்ணிப் பாருங்கள். உயரம் 0 முதல் 4 வரை ஐந்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளிகள். 15 சரி.

இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. கியோர்க் பிக் 1899-இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, முழு எண் உச்சிகளைக் கொண்ட பலகோணத்தின் பரப்பு = உட்புள்ளிகள் + எல்லைப்புள்ளிகளில் பாதி − 1. நம் எல்லையில் 8 புள்ளிகள், உள்ளே 7. 7 + 4 − 1 = 10. பிராகாவில் பல்லாண்டு பேராசிரியராக இருந்தவர் பிக். யூதர் என்பதற்காக நாஜிகள் அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். 1942-இல் அங்கேயே இறந்தார். சிறுவர்கள்கூடப் புள்ளி எண்ணிச் சரிபார்க்கக்கூடிய ஒரு தேற்றத்தை விட்டுச் சென்ற மனிதருக்கு நேர்ந்த அந்த முடிவை, இந்தச் சூத்திரத்தை எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

படி 5: உருவத்தைப் பெரிதாக்குதல்

உருவத்தை எல்லாத் திசையிலும் த மடங்கு பெரிதாக்கினால் என்ன ஆகும்? ஒவ்வொரு திசையனும் த மடங்காகும். இணைகரங்கள் த² மடங்கு, துண்டுகள் த மடங்கு, புள்ளி அப்படியே. ஆகவே புள்ளிகளின் எண்ணிக்கை

10த² + 4த + 1.

த = 2 என்றால் 49; த = 10 என்றால் 1041. இதுதான் எர்கார்ட் பல்லுறுப்புக்கோவை. யூஜின் எர்கார்ட் பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முழு எண் உச்சிகள் கொண்ட எந்தக் குவிவுப் பன்முகிக்கும் இப்படி ஒரு பல்லுறுப்புக்கோவை உண்டு என்று 1962-இல் காட்டினார். அறுபது வயதில்தான் முனைவர் பட்டம் பெற்றார். பொதுவான பன்முகிகளில் இந்தக் கோவையின் கெழுக்கள் எதிர்மமாகக்கூட வரலாம், அவற்றுக்கு நேரடிப் பொருள் சொல்வதும் கடினம். ஜோனோடோப்பில் ஒவ்வொரு கெழுவுக்கும் முகவரி இருக்கிறது: இது இந்தச் சோடிகளிலிருந்து வந்தது, இது இந்தத் தனித் திசையன்களிலிருந்து வந்தது என்று விரல் நீட்டிக் காட்டலாம். இதைப் பொது வடிவில் நிறுவியவர் ரிச்சர்ட் ஸ்டான்லி.

த-வுக்கு −1 போட்டுப் பாருங்கள்: 10 − 4 + 1 = 7. உள்ளே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை! தற்செயல் அல்ல, எர்கார்ட்–மெக்டொனால்டு தலைகீழ் விதி எல்லா முழு எண் பன்முகிகளுக்கும் இதை உறுதிசெய்கிறது. ஒற்றைப்படைப் பரிமாணத்தில் குறியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 6: முப்பரிமாணத்துக்கு ஏறுதல்

தளத்தில் கற்றதை இப்போது ஏழு திசையன்களில் சோதிப்போம். 0, 1 ஆகிய இரண்டு எண்களை மட்டும் வைத்து எழுதக்கூடிய, பூச்சியம் அல்லாத எல்லா முப்பரிமாணத் திசையன்களும்: 100, 010, 001, 110, 101, 011, 111. (இடம் கருதி அடைப்புக்குறிகளை விட்டுவிட்டேன்.) இவை உருவாக்கும் பன்முகி, பக்கம் 4 கொண்ட கனசதுரத்துக்குள் அடங்கும்.

முதலில் முகங்கள். ஒரே தளத்தில் படுக்கும் திசையன்களின் ஒவ்வொரு குழுவும் எதிரெதிராக இரண்டு முகங்களைத் தரும். எனவே ஒரு தளத்தில் மூன்று மூன்றாகச் சேர்ந்து படுப்பவை எவை என்று தேட வேண்டும். 100, 010, 110 போன்றவை மூன்று குழுக்கள். 100, 011, 111 போன்றவை மூன்று குழுக்கள். இந்த ஆறு குழுக்களில் 18 சோடிகள் போய்விட்டன. ஏழிலிருந்து எடுக்கக்கூடிய சோடிகள் 21. மீதி மூன்று: 110, 101, 011 ஆகியவற்றுக்குள் அமையும் சோடிகள். அவை தங்கள் தளத்தில் வேறு துணையின்றித் தனியே இருக்கின்றன.

மூவர் குழு அறுகோண முகம் தரும், இருவர் குழு இணைகர முகம் தரும். ஆகவே 12 அறுகோணங்கள், 6 இணைகரங்கள். மொத்தம் 18 முகங்கள். விளிம்புகள் (12 × 6 + 6 × 4) ÷ 2 = 48. ஆய்லரின் வாய்பாட்டின்படி (உச்சிகள் − விளிம்புகள் + முகங்கள் = 2) உச்சிகள் 48 − 18 + 2 = 32.

ஏழு திசையன்களில் எந்த மூன்றும் ஒரே தளத்தில் படுக்காமல் இருந்திருந்தால் 42 இணைகரங்கள், 84 விளிம்புகள், 44 உச்சிகள் இருந்திருக்கும். அந்த ஆறு உறவுகளும் ஆளுக்கு இரண்டு உச்சிகளாகப் பன்னிரண்டை விழுங்கிவிட்டன.

அடுத்து கன அளவு. மும்மூன்றாக எடுத்தால் 35 தொகுப்புகள். ஆறின் அணிக்கோவை 0. மீதி 29-இல் ஒன்றுக்கு மட்டும் எண்மதிப்பு 2: அது 110, 101, 011. மற்ற 28-க்கும் 1. கூட்டினால் 30.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். 1 + 1 = 0 என்று வைத்துக் கணக்கிடும் உலகில் இதே ஏழு திசையன்களும் ஃபானோ தளம் எனப்படும் மிகச் சிறிய வீழ்த்தளத்தின் (எந்த இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கும் தளத்தின்) ஏழு புள்ளிகள். அந்தத் தளத்தில் ஏழு கோடுகள் உண்டு. அவற்றில் ஆறு நம் ஆறு குழுக்கள். ஏழாவது கோடு 110, 101, 011. நம் உலகில் அது தட்டையாகவில்லை. அணிக்கோவை 2 ஆக எழுந்து நிற்கிறது. 2 என்பது அந்த உலகில் 0 அல்லவா! இரண்டு எண் உலகங்களுக்கு இடையேயான வேறுபாடு கன அளவில் இரண்டு அலகாகத் தெரிவதைக் கையால் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னால் மறக்க முடியவில்லை.

புள்ளிகளுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. முப்பரிமாணத்தில் ஒரு சோடிக்கு ஒற்றை அணிக்கோவை கிடையாது. மூன்று 2×2 சிற்றணிக்கோவைகள் உண்டு. அவற்றின் மீப்பெரு பொது வகுத்தியைத்தான் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் இது: சோடியின் பரப்பை எடுத்துவிடுவார்கள், வர்க்கமூலங்கள் வந்து கணக்கு உடைந்துபோகும். நம் 21 சோடிகளுக்கும் அந்த வகுத்தி 1. ஏழு தனித் திசையன்களுக்கும் 1. ஆகவே

30த³ + 21த² + 7த + 1.

த = 1 என்றால் 59 புள்ளிகள். −1 போட்டுக் குறி மாற்றினால் 30 − 21 + 7 − 1 = 15 உட்புள்ளிகள். அப்படியானால் எல்லையில் 44 இருக்க வேண்டும். இருக்கின்றனவா? உச்சிகள் 32. விளிம்புகளின் நடுவில் புள்ளி இல்லை. ஒவ்வோர் அறுகோண முகத்தின் மையத்திலும் ஒரு புள்ளி உண்டு. இணைகர முகங்களில் இல்லை. 32 + 12 = 44. உச்சிகளை ஒரு வழியிலும் புள்ளிகளை வேறு வழியிலும் எண்ணினோம். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன.

படி 7: கோட்டுருக்களிலிருந்து வரும் பன்முகிகள்

சில கணுக்களையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு திசையன்: ஒரு முனைக்குரிய இடத்தில் 1, மறுமுனைக்குரிய இடத்தில் −1, மற்ற இடங்களில் 0. இங்கே சார்பற்ற தொகுப்பு என்பது சுற்று இல்லாத கோடுகளின் தொகுப்பு, அதாவது ஒரு காடு. மீப்பெரு பொது வகுத்தி எப்போதும் 1. ஆகவே பன்முகியின் முழு எண் புள்ளிகளை எண்ணுவதும் கோட்டுருவிலுள்ள காடுகளை எண்ணுவதும் ஒரே வேலை.

நான்கு கணுக்களையும் எல்லா வழியிலும் இணைத்தால் ஆறு கோடுகள். பிறக்கும் உருவம், முனைகள் வெட்டப்பட்ட எண்முகி: 24 உச்சிகள், 36 விளிம்புகள், 8 அறுகோணங்கள், 6 சதுரங்கள். ஃபெடரோவ் பட்டியலிட்ட, சுழற்றாமல் நகர்த்திய நகல்களாலேயே இடைவெளியின்றி வெளியை நிரப்பும் ஐந்து வகை உருவங்களில் ஒன்று. எர்கார்ட் கோவை 16த³ + 15த² + 6த + 1. அந்த 16, நான்கு கணுக்களையும் சுற்று இல்லாமல் இணைக்கும் மரங்களின் எண்ணிக்கை. 1889-இல் கெய்லி எழுதிய வாய்பாடு நான்கு கணுக்களுக்குத் தரும் 4² அதுதான். மொத்தப் புள்ளிகள் 38. எல்லையில் 24 + 8 = 32, உள்ளே 6. கோவையில் −1 போட்டு நீங்களே சரிபாருங்கள்.

படி 8: கணினியிடம் ஒப்படைத்தல்

பைத்தான் போன்ற எந்த மொழியிலும் இதை எழுதலாம். ஆனால் தசம எண்களைத் தொடாதீர்கள். அணிக்கோவை 2 என்பது 1.9999999 என்று வந்து, முழு எண்ணாக வெட்டும்போது 1 ஆகிவிடும். பிழை எங்கே என்று நாள் முழுக்கத் தேட நேரிடும். பின்னங்களே வராமல் நீக்கும் பரேயிஸ் முறையைப் பயன்படுத்துங்கள். சிற்றணிக்கோவைகளின் மீப்பெரு பொது வகுத்திக்கு எல்லாச் சிற்றணிக்கோவைகளையும் கணக்கிட வேண்டியதில்லை. அணியை ஸ்மித் இயல்பு வடிவத்துக்கு (முழு எண் நிரை, நிரல் மாற்றங்களால் மூலைவிட்டத்தில் மட்டும் எண்கள் எஞ்சும் வடிவத்துக்கு) கொண்டுவந்து, மூலைவிட்ட எண்களைப் பெருக்கினால் போதும்.

உச்சிகளுக்கு எல்லா உட்தொகுப்புகளையும் சோதிக்க முயல வேண்டாம். ஐந்து பரிமாணத்தில் 0, 1 திசையன்கள் 31. உட்தொகுப்புகள் 214 கோடிக்கும் மேல். அதற்குப் பதிலாகத் திசையன்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். இதுவரை சாத்தியமான குறி வரிசைகளை (ஒரு திசையோடு ஒவ்வொரு திசையனின் புள்ளிப் பெருக்கலும் நேர்மமா எதிர்மமா என்ற பட்டியல்களை) மட்டும் வைத்திருங்கள். புதிய திசையன் வரும்போது ஒவ்வொரு வரிசைக்கும் நேர்மம், எதிர்மம் என இரண்டு நீட்சிகள். அப்படி ஒரு திசை உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு சிறிய நேரியல் திட்டமிடல் கணக்கால் கேட்டுவிட்டு, இல்லாதவற்றை உடனே எறிந்துவிடுங்கள். பட்டியல் ஒருபோதும் இறுதி விடையைவிடப் பெரிதாகாது. ஐந்து பரிமாணத்தில் அந்த விடை 11,292 மட்டுமே.

பரிமாணம் நிலையாக இருக்கும்வரை எல்லாம் சுமுகம். பரிமாணமும் சேர்ந்து வளர்ந்தால் நிலைமை தலைகீழாகிறது. ஜோனோடோப்பின் கன அளவைத் துல்லியமாகக் கணக்கிடுவதே மிகக் கடினமான எண்ணிக்கைச் சிக்கல்களின் வகையைச் சேர்ந்தது என்று டயர், கிரிட்ஸ்மன், ஹுஃப்னாகல் ஆகியோர் 1998-இல் காட்டினர். ஒரு திசையில் தொலைவான உச்சியைக் காண்பது இவ்வளவு எளிதாக இருக்க, மொத்தத்தை அளப்பது இவ்வளவு கடினமாக இருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

0, 1 திசையன்கள் அனைத்தும் உருவாக்கும் பன்முகிக்கு கணிதவியலாளர் லூயிஸ் பில்லேரா ‘வெள்ளைத் திமிங்கிலம்’ என்று பெயர் வைத்தார். இரண்டு பரிமாணத்தில் 6 உச்சிகள், மூன்றில் நாம் எண்ணிய 32, நான்கில் 370, ஐந்தில் 11,292, ஆறில் 10,66,044, ஏழில் 34,73,26,352. எட்டில் சுமார் 41,917 கோடி. ஒன்பதாம் பரிமாணத்தை டேசா, ஹாவோ, பூர்னன் ஆகிய மூவரும் கணக்கிட்டார்கள்: 1,955,230,985,997,140. ஆயங்களை இடம் மாற்றினால் திமிங்கிலம் மாறுவதில்லை என்ற சமச்சீரை முழுமையாகப் பயன்படுத்தியதால்தான் அது முடிந்தது. இயற்பியலில் வெப்பக் குவாண்டம் புலக் கோட்பாட்டிலும் இதே எண் வரிசை வருகிறது.

இன்னொரு கேள்வியும் இந்த உருவங்களைச் சுற்றியே நடக்கிறது. பக்கம் க கொண்ட, ப பரிமாணப் பெட்டிக்குள் முழு எண் உச்சிகளோடு ஒரு பன்முகி இருந்தால், அதன் ஓர் உச்சியிலிருந்து இன்னொன்றுக்கு விளிம்பு வழியே நடக்க அதிகபட்சம் எத்தனை அடிகள் வேண்டும்? நேரியல் திட்டமிடல் கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறை விளிம்பு வழியே நடப்பதால் இது நடைமுறைக் கேள்வியும்கூட. க = 1 என்றால் ப அடிகள் போதும் என்று நடேஃப் 1989-இல் நிறுவினார்; க × ப என்ற பொது வரம்பை கிளைன்ஷ்மிட், ஓன் இருவரும் 1992-இல் தந்தனர். ஜோனோடோப்பில் இந்தத் தொலைவு, இணையற்ற திசையன்களின் எண்ணிக்கைக்குச் சமம். நம் 32 உச்சி உருவம் பக்கம் 4 பெட்டிக்குள் 7 அடிகள் தருகிறது. (க + 1) × ப ÷ 2 என்பதன் முழு எண் பகுதியே உண்மையான உச்ச வரம்பு என்று டேசா, மனூசாகிஸ், ஓன் ஊகித்திருக்கிறார்கள். 5 × 3 ÷ 2 எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்: நம் ஏழு திசையன்கள் அந்த வரம்பைத் தொட்டு நிற்கின்றன.

நிரலை எழுதி முடித்ததும் முதல் சோதனைக்கு நான்கு பரிமாணத் திமிங்கிலத்தை எடுங்கள். 15 திசையன்கள், நான்கு நான்காக 1365 அணிக்கோவைகள். 2, 3 என்ற எண்மதிப்புகளும் நடுவே தலைகாட்டும். உச்சிகள் 370 வர வேண்டும். வராவிட்டால், இணைத் திசையன்களையும் நேரியல் திட்டமிடலில் பூச்சியத்தை எப்படிக் கையாண்டீர்கள் என்பதையும் முதலில் பாருங்கள்.